தேநீரைத் தெரிந்து பருகுவோம்

விருந்தினர் ஒருவர் நம் வாயிலை மிதித்தால், அவர் வந்த கருமம் யாதென்று கேட்பதற்கு முன்னரே அடுப்பிற் கேத்தலை ஏற்றுவது மட்டக்களப்பு மக்களின் வழக்கம். "தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க" என்னும் சொல் எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் ஒருபடியாகவே ஒலிக்கின்றது. மணவீட்டிலும் பிணவீட்டிலும், வயல் வெட்டும் களத்திலும், கோயில் விழாவிலும், ஆசிரியர் கூடும் அறையிலும் தேநீரின்றி ஒன்றும் நடைபெறுவதில்லை. இத்துணை நெருங்கிய உறவுடைய பொருளைப்பற்றி நாம் அறிந்தது யாது என்று நம்மையே வினாவுவோமாயின், விடை நாணத்தக்கதாகவே இருக்கும். "சாயம் பிடிக்குமா?" என்பதொன்றே நாம் கடைக்காரரிடம் கேட்கும் கேள்வி.

சுவையறியும் ஆற்றல் நம்மவர்க்கு இல்லை என்று எவரும் கூறார். வாவியிற் பிடித்த மீனையும் கடலிற் பிடித்த மீனையும் முதற் கவளத்திலேயே வேறுபிரித்துக் கூறவல்லார் நம் வீடுகளில் உளர். படுவான்கரை எருமைத் தயிரைச் சட்டியைச் சற்றே சரித்துப் பார்த்துத் தரம் கூறுவோர் உளர். சோற்றைக் கையால் அளைந்த மாத்திரத்தில் புது நெல்லா, பழ நெல்லா என்று அறிவோர் பலர். இத்தகைய நாவும் மூக்கும் தேநீர் என்றதும் உறங்கிவிடுகின்றன. பாலும் சீனியும் பெய்து, நிறம் கறுத்திருந்தாற் போதும் என்று விழுங்கி எழுகின்றோம்.

கல்லூரியின் யூபிலி மலரிலே தேநீரைப்பற்றியா எழுதுவது என்று அன்பர் சிலர் புருவம் நெரிக்கலாம். நாள்தோறும் வாயிற் படுவதை ஆராயாத அறிவு, நாள்தோறும் கண்ணிற் படும் மனிதரையும் ஆராயாது விட்டுவிடும் என்பது என் துணிபு. அத்துணிபு எனக்கு எவ்வாறு வந்தது என்பதையே இக்கட்டுரையிற் கூற முயல்கின்றேன்.

ஆசிரியப் பயிற்சி பெற்ற நாளில் விடுதியறையில் என்னோடு தங்கியிருந்தவர் பதுளைப் பக்கத்தவர். என்னிலும் மூன்று வயது மூத்தவர். அண்ணன் என்றே அவரை அழைப்பேன். விடுமுறை கழிந்து திரும்பிய ஒருநாள் அவர் மூன்று சிறு பொதிகளை மேசைமீது வைத்தார். ஒன்று நுவரெலியாத் தேயிலை. ஒன்று ஊவாத் தேயிலை. மற்றது காலிப் பகுதித் தேயிலை. மூன்றும் ஒரே பருமனான உடைந்த இலை. மூன்றையும் ஒரே நிறையாக எடுத்து, கொதித்த நீரை ஒரே அளவாக வார்த்து, மணிக்கூட்டைப் பார்த்து ஆறு நிமிடம் காத்து, வடித்துப் பீங்கான் கோப்பைகளில் எங்கள்முன் வைத்தார். பாலும் இல்லை, சீனியும் இல்லை. "எது நல்லது?" என்றார். அறையிலிருந்த நால்வரும் கறுத்த கோப்பையையே காட்டினோம். அவர் நகைத்து, "நீங்க நாவால சொல்லல்ல தம்பி, கண்ணால சொன்னீங்க" என்றார்.

பின்னர் எங்கள் கண்களைத் துவாயாற் கட்டி, கோப்பைகளை இடம் மாற்றி ஒவ்வொன்றாகத் தந்தார். இம்முறை எங்கள் ஒற்றுமை குலைந்தது. ஒருவர் முன்னர்க் காட்டிய காலித் தேயிலையையே மீண்டும் தேர்ந்தார். இருவர் ஊவாவைத் தேர்ந்தனர். நானோ, கண் திறந்திருந்தபொழுது 'வெறுந் தண்ணீர்' என்று ஒதுக்கிய வெளிறிய நுவரெலியாத் தேநீரையே சிறந்ததென்று கூறிவிட்டேன். கட்டை அவிழ்த்தபின் எனக்குண்டான வெட்கம் இன்றும் நினைவிலுள்ளது.

அண்ணன் செய்தது விளையாட்டன்று. கொழும்பிலே தேயிலைத் தரகர் நிலையங்களில் நடைபெறும் சோதனையின் சுருக்கமே அது. 1883 ஆம் ஆண்டு யூலை 30 ஆம் நாள் கொழும்பில் முதலாவது தேயிலை ஏலம் நடைபெற்றது. அங்கு ஏலத்துக்கு வரும் தேயிலையைச் சுவைஞர் முன்னரே பருகிப் பார்த்து மதிப்பிடுவர். சோதனைக்குத் தேநீர் இறக்கும் முறைக்குச் சர்வதேச தரநிர்ணய நிறுவனம் 1980 இல், 3103 என்னும் இலக்கத்தோடு ஒரு நியமத்தையே வகுத்தது. 100 மில்லிலீற்றர் நீருக்கு 2 கிராம் தேயிலை. ஊறவேண்டிய காலம் 6 நிமிடம். சுவைஞர் முதலிற் காய்ந்த இலையைப் பார்ப்பார். பின்பு ஊறிய இலையை முகர்வார். அதன் பின்னரே வடித்த நீரைக் கரண்டியால் எடுத்து, நாவெங்கும் பரவி மூக்கிலும் மணம் ஏறும்படி ஓசையெழ உறிஞ்சி, உடனே உமிழ்ந்துவிடுவார். நம் பிள்ளைகள் உறிஞ்சிக் குடித்தாற் கடிந்துகொள்கின்றோம். அங்கே அவ்வோசையே தொழில்.

இம்முறையின் உயிர் எங்குள்ளது? ஒப்பிடப்படுவன யாவற்றுக்கும் ஒரே நிலைமையை அளித்தபின்னரே தீர்ப்புக் கூறவேண்டும் என்னும் நேர்மையில் உள்ளது. ஒன்றுக்கு ஒரு கரண்டி, மற்றொன்றுக்கு இரண்டு கரண்டி. ஒன்றுக்குக் கொதிநீர், மற்றொன்றுக்கு ஆறிய நீர் என்று கொடுத்துவிட்டு, 'இது நன்று, அது தீது' என்பாரின் சொல் எடுபடாது.

இனி, அம்மூன்று கோப்பைகளும் வேறுபட்டதற்குக் காரணம் என்ன? செடி ஒன்றே. பச்சைத் தேயிலையும் கறுப்புத் தேயிலையும்கூட ஒரே இனச் செடியின் இலைகளே. பறித்தபின் செய்யும் பக்குவத்தாலேயே அவை வேறாகின்றன. இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கொய்த கொழுந்தை வாட்டி, உருட்டி, காற்றுப்பட நிறம் மாறவிட்டு, சூடேற்றி உலர்த்தி, சலித்துத் தரம் பிரித்தால் கறுப்புத் தேயிலை ஆகும். நிற்க, நிலமும் உயரமும் காற்றும் அக்கொழுந்தின் குணத்தை முன்னரே எழுதிவிடுகின்றன. ஏறத்தாழ 2,000 அடிக்குட்பட்டது தாழ்நிலத் தேயிலை. 4,000 அடிவரை உள்ளது இடைநிலத் தேயிலை. அதற்கு மேற்பட்டது மலைநிலத் தேயிலை. 6,000 அடிக்கு மேலுள்ள நுவரெலியாவின் குளிரில் கொழுந்து மெல்ல வளரும். தேநீர் பொன்னிறமாய், மென்மையாய், மணம் மிக்கதாய் இருக்கும். காலி, மாத்தறை, இரத்தினபுரிப் பகுதிகளின் தாழ்நிலத் தேயிலையோ கறுத்துத் தடித்த சாயமும் கனதியும் உடையது. இலங்கைத் தேயிலையிற் பாதிக்கு மேற்பட்டது இத்தாழ்நிலத்தினதே. பாலோடு கலந்தாலும் தன் வலியை இழவாதது அது. ஆதலால், நுவரெலியா உயர்ந்தது, காலி தாழ்ந்தது என்று கூறுவது நிலத்தின் உயரத்துக்குப் பொருந்துமேயன்றிச் சுவைக்குப் பொருந்தாது.

ஊவாவின் கதையோ நம் கதையோடு பின்னியது. ஆனி முதல் ஆவணி கடந்தும் நம் ஊரைச் சுட்டெடுக்கும் கச்சான் காற்றை அறியாதார் ஈண்டு எவருமிலர். தென்மேற்குப் பருவக்காற்று மலைநாட்டின் மேற்சரிவில் தன் மழையை எல்லாம் சொரிந்துவிட்டு, உச்சியைத் தாண்டிக் கீழ்ச்சரிவில் வறண்டு இறங்குகின்றது. இறங்கும் வழியிற் பதுளைப் பகுதித் தோட்டங்களைத் தடவிவிட்டே நம் வாவிக்கு வருகின்றது. யூலை முதல் செத்தெம்பர் வரையுள்ள அவ்வறட்சிக் காலத்திலேயே ஊவாத் தேயிலை தன் தனிமணத்தை அடைகின்றது. அம்மணத்துக்குக் காரணமானவற்றுள் மெதயில் சலிசிலேற்று என்பதும் ஒன்று என இரசாயன அறிஞர் கூறுவர். நாம் நோவுக்குப் பூசும் தைலங்களில் மணப்பதும் அதுவே. கச்சானைச் சபித்துக்கொண்டு விசிறியை அசைக்கும் நாம், அதே காற்று மலையின் அப்புறத்தில் உலகம் விரும்பும் ஒரு மணத்தை ஆக்குகின்றது என்பதை எண்ணியதுண்டா? நம் மாரி ஓயும் தை, மாசி மாதங்களிலோ மலையின் மேற்சரிவு வறண்டிருக்கும். திம்புலைத் தேயிலை சிறப்பது அப்பொழுது. நமது வெயிலும் மழையும் அவர்களுடைய கோப்பையில் எழுதப்பட்டிருக்கின்றன.

பொதிகளின்மீது காணப்படும் எழுத்துக்களைப்பற்றியும் ஒரு சொல். ஓ.பி., பி.ஓ.பி., பி.ஓ.பி.எப்., டஸ்ற் என்பன பெரும்பாலும் இலையின் பருமனைக் குறிப்பனவேயன்றிச் சுவையின் உயர்வு தாழ்வைக் குறிப்பன அல்ல. ஓ.பி. என்பதில் வரும் 'ஒறேஞ்' என்னும் சொல்லுக்கும் தோடம்பழத்துக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. பெரிய இலை மெல்லச் சாயம் விடும். உடைந்த இலை விரைவாக விடும். தூள் உடனே விடும். நல்ல தோட்டத்துத் தூள், கவனமின்றிச் செய்த முழு இலையினும் சிறந்ததாகலாம். ஆனால் வேறுபாடுகளை நுணுகி அறிய விரும்புவார்க்கு இலையாக உள்ள தேயிலையே உகந்தது. தூளிற் சாயமும் கடுமையும் முந்திக்கொள்ள, மணம் பிந்திவிடும்.

தமிழாசிரியன் என்ற முறையில் ஒன்று சொல்லவேண்டும். நம் முன்னோர் சுவையை ஆறாகப் பகுத்தபொழுது, துவர்ப்பையும் கைப்பையும் வெவ்வேறாக வைத்தனர். தேநீரை அறிதற்கு இப்பாகுபாடே திறவுகோல். நல்ல தேநீர் துவர்க்கும். நாவின் ஓரங்களைச் சற்றே இறுக்கிப் பின் விட்டு, வாயைத் தூயதாக்கும். அடுப்பிற் போட்டு நெடுநேரம் காய்ச்சிய தேநீர் கைக்கும். அக்கைப்பை மறைக்கவே நாம் சீனியை அள்ளிப் போடுகின்றோம். இலையின் குணம் துவர்ப்பு. பெரும்பாலும் நம் அவசரத்தின் குற்றமே கைப்பு.

சில ஆண்டுகளுக்கு முன் ஒன்பதாம் வகுப்பு மாணவருக்கு இதனைச் செய்து காட்டினேன். ஒரே தேயிலையை எடுத்து, வாவிக்கரையை அண்டிய கிணற்று நீர், குழாய்நீர், முற்றத்திற் பிடித்த மழைநீர் ஆகிய மூன்றிலும் தனித்தனியே ஊறவைத்தோம். கிணற்று நீரிலே தேநீர் மங்கிக் கறுத்து, மேலே ஓர் ஆடையும் படர்ந்தது. நாவிலே உவர் தட்டியது. குழாய்நீரில் அது பரவாயில்லை. மழைநீரிலோ செம்பொன் போலத் துலங்கியது. மூன்றும் ஒரே பொதித் தேயிலை என்று கூறியபொழுது மாணவர் நம்பவில்லை. படுவான்கரையிலிருந்து வரும் மாணவன் ஒருவன் சற்று யோசித்துவிட்டு, "சேர், அப்ப தேயிலையில பிழையில்ல, தண்ணியிலதான்" என்றான். அன்றைய பாடத்தின் முழுப்பயனையும் அவன் ஒரே வாக்கியத்தில் தந்துவிட்டான்.

சாயத்தை மட்டும் நம்புவதிற் கேடும் உண்டு. கழிவுத் தேயிலைக்குச் செயற்கை நிறமூட்டி விற்போர் உளர். வீட்டில் எளிதிற் செய்யத்தக்க சோதனை ஒன்று உண்டு. ஈரமாக்கிய வெள்ளை வடிதாளின்மீது சிறிது தேயிலையைத் தூவிச் சில நிமிடம் விட்டுப் பாருங்கள். நிறமூட்டிய தேயிலையாயின் குளிர்நீரிலேயே கறை விரைந்து பரவும். நல்ல தேயிலை அவ்வாறு விரையாது. 'சாயம் பிடிக்குமா?' என்று மாத்திரம் கேட்பவனுக்குச் சாயத்தையே விற்றுவிடுவது வணிகனுக்கு எளிது.

இங்கே இரு தடைகள் எழக்கூடும். முதலாவது, இஃது உள்ளவர் விளையாட்டு, இல்லாதவர்க்கு எதற்கு என்பது. கோப்பை ஒன்றுக்கு இரண்டரைக் கிராம் என்று வைத்தாலும் 100 கிராம் தேயிலையில் 40 கோப்பை இறங்கும். அளந்து இடுவதற்கும், மணிக்கூட்டைப் பார்ப்பதற்கும் காசு வேண்டியதில்லை. கைப்புக் குறையச் சீனியும் குறையும். இரண்டாவது, பாலும் சீனியும் இட்டுப் பருகுவது நம் பழக்கம், அதை விடவேண்டுமா என்பது. விடவேண்டும் என்று நான் கூறவில்லை. நானும் காலையிற் பால்தேநீரே பருகுகின்றேன். அதற்குத் தாழ்நிலத் தேயிலையே ஏற்றது என்பதையும் அறிவேன். மாலையில் வெறுந்தேநீரும் கையிலே ஒரு பனங்கட்டித் துண்டுமாக இருப்பதிலுள்ள இன்பமும் தெரியும். எதை எதற்காகப் பருகுகின்றோம் என்று தெரிந்து பருகவேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

இனி, முதலிற் கூறிய துணிபுக்கு வருகின்றேன். கண்ணைக் கட்டிச் சுவைத்த அந்த இரவில், கோப்பைகளைக் கழுவிக்கொண்டே அண்ணன் சொன்னார்: "எங்கம்மா கொழுந்து பறிக்கிறவங்க. இந்த மாதிரித் தேயிலைய அவங்க ஒருநாளும் குடிச்சதில்ல. எங்க லயத்தில தூள்தான்." அவர் அதனைக் குறையாகக் கூறவில்லை, செய்தியாகவே கூறினார். எனக்கோ அன்றிரவு உறக்கம் வரவில்லை.

காரணம் உண்டு. நான் சிறுவனாகப் பயின்ற பாடசாலையொன்றில், 1983 ஆம் ஆண்டு வன்செயலின் பின் மலையகத்தைவிட்டுக் கிழக்கே வந்து குடியேறிய குடும்பத்துப் பையன் ஒருவன் எங்கள் வகுப்பிற் சேர்ந்தான். அவனுடைய பேச்சின் இழுவையைக் கேட்டு யாரோ 'தோட்டக்காட்டான்' என்றார்கள். வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். அவன் கடைசி வாங்கிற்குப் போனான். மறு தவணை அவன் வரவில்லை. அவனுக்குக் கிடைத்த நீர் எது, எங்களுக்குக் கிடைத்த நீர் எது என்று நாங்கள் எண்ணவேயில்லை, இலையையே பழித்தோம்.

அந்த நீரின் வரலாற்றைச் சுருக்கமாகவேனும் நம் மாணவர் அறியவேண்டும். 1867 இல் யேம்ஸ் ரெயிலர் என்பார் லூல்கந்துரவில் 19 ஏக்கரிலே தேயிலை பயிரிட்டார். 1869 இலிருந்து பரவிய இலைநோய் கோப்பியை அழிக்க, மலைகளிலே தேயிலை பரந்தது. கோப்பிக் காலந்தொட்டே தென்னிந்தியத் தமிழ்த் தொழிலாளர் மன்னார்க் கரையில் இறங்கி மாத்தளைவரை காட்டுவழியே நடந்து சென்றனர். வழியில் மாண்டோர் பலர். அவர்தம் வழிவந்தோரிற் பெரும்பாலாரை 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் நாடற்றோராக்கியது. 1964 ஆம் ஆண்டின் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. எஞ்சியிருந்த நாடற்றோர்க்கு 2003 ஆம் ஆண்டின் சட்டத்தாலேயே குடியுரிமை கிடைத்தது. நாட்சம்பளம் 1,000 ரூபா வேண்டுமென்று பல்லாண்டு போராடிய பின், 2021 இலேயே அது வர்த்தமானியில் வந்தது. 2023 இல், அவர்கள் வருகையின் 200 ஆண்டை நினைந்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு மக்கள் மீண்டும் நடந்தார்கள். ஈதெல்லாம் நம் கேத்தலுக்குள் கொதித்துக்கொண்டிருந்தும் நாம் சாயத்தை மட்டுமே பார்த்திருந்தோம். மலையக எழுத்தாளர் என். எஸ். எம். இராமையாவின் 'ஒரு கூடைக் கொழுந்து' என்னும் கதைத்தொகுதியைக் கல்லூரி நூலகத்திலிருந்து எடுத்துப் படித்த மாணவன், தன் கோப்பையை வேறு கண்ணோடு பார்ப்பான் என்பதில் ஐயமில்லை.

ஆகவே பழைய மாணவர்க்கும் ஆசிரியர்க்கும் மூன்று யோசனைகளைப் பணிவுடன் முன்வைக்கின்றேன். ஒன்று, யூபிலித் தேநீர் விருந்திலே மூன்று கேத்தல்கள் இருக்கட்டும். நுவரெலியா, ஊவா, தாழ்நிலம் என்று பெயரட்டை இட்டு, அளந்து ஊறவைத்த இலைத்தேநீரை முதலில் வெறுமையாகவும், பின்னர் விரும்பினோர்க்குப் பாலோடும் வழங்குவோம். இரண்டு, விஞ்ஞான ஆசிரியரும் தமிழாசிரியரும் சேர்ந்து, ஆண்டுக்கு ஒருநாள் மாணவரைக் கண்ணைக் கட்டிச் சுவைக்கச் செய்து, உணர்ந்ததைத் தம் சொல்லால் எழுதப் பழக்குவோம். நம் பிரதேசத்துக் காரைதீவிலே தோன்றிய விபுலாநந்த அடிகளார் பழந்தமிழ் இசையை நுணுகி ஆராய்ந்து 1947 இல் 'யாழ் நூல்' தந்தார். செவிக்கு அத்துணை நுட்பம் கண்ட மண் நாவுக்கும் சிறிது காண முடியாததன்று. மூன்று, மலையகப் பாடசாலை ஒன்றோடு நம் கல்லூரி உறவு பூணட்டும். செங்கலடியில் மேற்கே திரும்பும் வீதி மகாஓயா, பிபிலை, லுணுகலை, பசறை வழியாகப் பதுளைக்கே செல்கின்றது. கச்சான் இறங்கிவரும் திசையில் நம் பிள்ளைகள் ஒருமுறை ஏறிச்செல்லட்டும்; அங்குள்ள பிள்ளைகள் இறங்கிவந்து நம் வாவியைப் பார்க்கட்டும். வருவோர் எவரையும் கடைசி வாங்கிற்கு அனுப்பாதிருப்போம்.

அந்தப் பையனின் பெயர் எனக்கு நினைவிலுண்டு. இன்று அவன் எங்கிருக்கின்றான் என்று அறியேன். அறிந்தால், முதலில் மன்னிப்புக் கேட்பேன். பின்னர் நல்ல ஊவாத் தேயிலையை அளந்து இட்டு, ஆறு நிமிடம் பொறுத்து, ஒரு கோப்பை தேநீரை என் கையாலேயே கொடுப்பேன்.